விளையாட்டும் ஏடும்

கட்டிய கோயில் கல்லாய் நிற்கும். எழுதிய காவியம் ஏட்டில் நிற்கும். ஆடிய ஆட்டமோ, ஆடியவர் எழுந்து போனவுடன் தரையிற் கிழித்த கோடாகவும் சிதறிய புளியங்கொட்டையாகவும் மட்டுமே எஞ்சும். கோட்டைக் காற்று அழித்துவிடும். கொட்டையைக் கோழி கிளறிவிடும். விளையாட்டின் உயிர் பலகையிலும் இல்லை, காயிலும் இல்லை. இன்னது செய்யலாம், இன்னது செய்யலாகாது என்று ஆடுவோர் இருவரும் உடன்பட்ட விதியில் இருக்கிறது. அவ்விதியை அறிந்தவர் இருவரேனும் உள்ளவரையில் அவ்விளையாட்டு வாழும். ஒருவரே எஞ்சுவாராயின் அவர் அதனை நினைக்கலாமேயன்றி ஆட இயலாது.

மாணவர்களே, இத்தகைய விதிகளைக் கூலி பெறாமலும் ஆதாயம் கருதாமலும், விளையாட்டின்மேற் கொண்ட விருப்பம் ஒன்றே காரணமாக எழுதிக் காப்போர் இக்காலத்தில் உலகெங்கும் இருக்கின்றனர். அவர்களைப் பற்றியும், முதுமையில் அக்கூட்டத்தின் கடைசி வரிசையிற் போய் அமர்ந்துகொண்ட என்னைப் பற்றியும் இங்கே சில செய்திகளைச் சொல்லக் கருதுகிறேன்.

நான் பேரூரில் புலவர் வகுப்புப் பயின்று, கோவைப் பகுதியிலுள்ள அரசினர் பள்ளிகளில் 32 ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். நன்னூல், தண்டியலங்காரம், யாப்பருங்கலக்காரிகை ஆகியவற்றை ஆசிரியர்முன் நின்று ஒப்புவித்துக் கற்ற தலைமுறையின் கடைசிப் பகுதியைச் சேர்ந்தவன். ஓய்வு பெற்றபின் அவிநாசிக்கு அருகிலுள்ள எங்கள் ஊரில் இருந்துவருகிறேன். என் மகளின் மகன் பீளமேட்டில் எட்டாம் வகுப்புப் படிக்கிறான். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் மைன்கிராஃப்ட் என்னும் கணிப்பொறி விளையாட்டில் மூழ்கிக் கிடப்பான்.

அவ்விளையாட்டை நீங்களும் அறிந்திருப்பீர்கள். சுவீடன் நாட்டினர் ஒருவர் 2009-ஆம் ஆண்டில் அதனை முதன்முதலில் வெளியிட்டார். கனசதுரங்களால் ஆகிய ஓர் உலகம். அதில் ஆடுவோன் மரம் வெட்டலாம், நிலத்தை அகழலாம், கல்லும் கரியும் இரும்பும் எடுக்கலாம், வீடு கட்டலாம். எடுத்த பொருளை ஒன்பது கட்டங்களில் முறைப்படி அடுக்கினால் கருவி உண்டாகும். மேல்வரிசையில் மூன்று பலகையும் நடுவில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு குச்சியும் வைத்தால் ஒரு மரக்குந்தாலி கிடைக்கும். குச்சியின்மேல் ஒரு கரித்துண்டு வைத்தால் நான்கு தீவட்டிகள் கிடைக்கும். இவ்வாறு நூற்றுக்கணக்கான அடுக்குமுறைகள் உள்ளன. ஆயின் தொடக்ககாலத்தில் அவ்விளையாட்டு இவற்றுள் ஒன்றையும் ஆடுவோனுக்குச் சொல்லித் தரவில்லை என்பதே வியப்பு. காட்டில் விடப்பட்டவன் காட்டையே கேட்டு அறிந்துகொள்ள வேண்டியதுதான்.

பேரன் விளையாட்டை நிறுத்தி, இடையிடையே மற்றொரு பக்கத்தைத் திறந்து எதையோ படித்துவிட்டு மீள்வதைக் கண்டேன். அதனை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தலைப்பு. அது கிடைக்கும் இடம், பயன், செய்முறை, எந்த ஆண்டில் எந்தப் பதிப்பில் அது மாறியது என்னும் வரலாறு ஆகிய யாவும் நிரல்பட எழுதப்பட்டிருந்தன. நிகண்டும் உரையும் ஒருங்கே கூடியது போன்ற அமைப்பு. நான் அவனைக் கேட்டேன்.

"இதை எழுதியவர் யார் கண்ணு? அந்த விளையாட்டை விற்கும் நிறுவனத்தாரா?"

"இல்லைங்க அப்புச்சி. விளையாடறவங்களே எழுதறாங்க."

"அவர்களுக்கு என்ன ஊதியம்?"

"ஒண்ணுமில்லைங்க."

"பின்னே எதற்காக எழுதுகிறார்கள்?"

அவன் என்னைச் சற்று விநோதமாகப் பார்த்தான். "தெரிஞ்சதைச் சொல்லாம எப்படிங்க இருக்கறது?" என்றான்.

இவ்விடையைக் கேட்டு நான் சிறிதுநேரம் பேசவில்லை. உரையாசிரியர்கள் ஏன் உரை எழுதினார்கள் என்று என் வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக ஒருபோதும் சொன்னதில்லை.

பின்னர் இதனைப் பற்றிப் படித்தறிந்தேன். விளையாட்டு விரும்பிகளின் இத்தகைய தொகுப்புகள் பல உள்ளன. எல்டர் ஸ்க்ரோல்ஸ் என்னும் விளையாட்டுத் தொடரைப் பற்றிய தொகுப்பொன்று 1995-ஆம் ஆண்டு முதல் வளர்ந்து வருகிறது. அத்தொடரின் முதல் விளையாட்டு வெளிவந்ததே 1994-இல்தான். விளையாட்டும் அதன் உரையும் ஏறத்தாழ ஒரே காலத்துப் பிள்ளைகள்! விளையாட்டைச் செய்த நிறுவனம் அடுத்த விளையாட்டிற்குச் சென்றுவிடும்; பழையதை வாங்குவோர் இலராயின் அதனை மறந்தும்விடும். விரும்பிகள் மறவார். எந்தக் குகையில் எந்த வாள் இருக்கிறது, எந்தக் கதைமாந்தன் என்ன மொழி பேசினான் என்பதையெல்லாம் வழக்குத் தீர்ப்பு எழுதுவார்போலச் சான்றுகாட்டி எழுதிவைப்பர்.

அன்பினால் நடைபெறும் செயலுக்கும் செலவு உண்டு. இது பலருக்குத் தெரிவதில்லை. எழுதுவோர் கூலி பெறாவிடினும், எழுதியதைத் தாங்கிநிற்கும் கணிப்பொறிகளுக்கு மின்சாரம் வேண்டும், இடம் வேண்டும், பழுதுபார்ப்பார் வேண்டும். அடியார்கள் கூடி நடத்தும் அன்னதானத்திற்கும் அரிசி விலைக்குத்தானே வருகிறது! மைன்கிராஃப்ட் விரும்பிகளின் தொகுப்பு நெடுங்காலம் ஒரு வணிக நிறுவனத்தின் இடத்தில் இருந்துவந்தது. பக்கந்தோறும் விளம்பரங்கள் மிகுந்துவிட்டன என்றும், தொகுப்பை நடத்தும் உரிமை தம் கையில் போதிய அளவு இல்லையென்றும் தொண்டர்கள் கருதினர். தமக்குள் கூடி ஆராய்ந்து, 2023-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் தொகுப்பு முழுவதையும் படியெடுத்துக்கொண்டு வேறோர் இடத்திற்குக் குடிபெயர்ந்தனர். பழைய படி பழைய இடத்திலேயே நின்றது. புதிய படி புதிய இடத்தில் வளரத் தொடங்கியது.

பிறர் இடத்தில் இருந்த பொருளை எடுத்துச் செல்ல அவர்களுக்கு உரிமை ஏது என்று நீங்கள் வினவலாம். நல்ல வினா. அப்பக்கங்களை எழுதியவர்கள் தொடக்கத்திலேயே ஓர் உடன்பாட்டின்கீழ் எழுதினார்கள்: எழுதியவரைச் சுட்டி, இவ்வுரிமையைப் பிறர்க்கும் குறைக்காமல், ஆதாயத்திற்கு விற்காமல், எவரும் இதனைப் படியெடுக்கலாம் என்பதே அது. அந்த ஒரு வாக்கியம் இல்லாதிருந்தால் பதினான்கு ஆண்டு உழைப்பும் இருந்த இடத்திலேயே கட்டுண்டு கிடந்திருக்கும். பூட்டிய பெட்டியில் கறையானுக்கு இரையான சுவடிகளை நினைத்துப் பார்ப்பவர்க்கு இவ்வுடன்பாட்டின் அருமை புலப்படும். ஒரு சுவடியைப் படியெடுக்க விட்டவர் வீட்டில் அச்சுவடி அழிந்தாலும் நூல் அழியவில்லை. 'எங்கள் பாட்டன் சொத்து' என்று பூட்டிவைத்தவர் வீட்டில் சுவடியும் அழிந்தது, நூலும் அழிந்தது.

இது நம் நாட்டிற்குப் புதியதன்று. கொங்குநாட்டு நிரம்பையைச் சேர்ந்தவர் என்று அறிஞர் கூறும் அடியார்க்குநல்லாரை எடுத்துக்கொள்வோம். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதைக்கு அவர் எழுதிய உரையை மேல்வகுப்பிற் பயிலும்போது நீங்கள் காண்பீர்கள். ஆடலின் வகை, யாழின் நரம்பு, அரங்கின் அளவு, கூத்தனும் குழலோனும் அறிந்திருக்கவேண்டிய இலக்கணம் ஆகியவற்றை அவர் விரித்துரைக்கும் அழகே அழகு. கதையை மட்டும் விளக்கிவிட்டு அவர் சென்றிருக்கலாம், யாரும் குறைகூறியிரார். கலையின்மேல் விருப்பம் உடையவராதலின் அவரால் அவ்வாறு செல்ல முடியவில்லை. இசையையும் நாடகத்தையும் பற்றி முன்பிருந்து மறைந்த நூல்களின் பெயர்களைக்கூட அவர் எழுதிவைத்தார். அவர் சுட்டிய நூல்களுள் ஒன்றாகிய பஞ்சமரபின் சுவடியைத் தேடியெடுத்து 1970-களில் அச்சேற்றியவர், கொங்குநாட்டு வேலம்பாளையத்தைச் சேர்ந்த தெய்வசிகாமணிக் கவுண்டர் ஆவார். ஒருவர் பெயரையேனும் குறித்துவைத்ததனால்தான் மற்றொருவர் இன்னது தேடுகிறோம் என்று தெரிந்து தேட முடிந்தது.

அடியார்க்குநல்லாருக்கும் சோறு வேண்டியிருந்தது. அவரைப் புரந்தவன் பொப்பண்ண காங்கேயர்கோன் என்னும் வள்ளல். அவ்வள்ளல் தன் புகழை ஏட்டின் பக்கந்தோறும் எழுதச் சொல்லவில்லை என்பதையும் விளம்பரத்திற்குப் பழகிய நாம் குறித்துக்கொள்ளலாம். அவ்வளவு இருந்தும் அவருடைய உரை நமக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை. உ. வே. சாமிநாதையர் 1892-ஆம் ஆண்டில் சிலப்பதிகாரத்தை அவ்வுரையுடன் பதிப்பித்தபோது, பிற்பகுதிக்கு அவ்வுரை இல்லாமலே பதிப்பிக்க நேர்ந்தது.

இனி நம் காலத்துத் தமிழுக்கு வருவோம். எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம், எவரும் எடுத்தாளலாம் என்னும் விக்கிப்பீடியாக் கலைக்களஞ்சியம் 2001-ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் தொடங்கிற்று. தமிழில் 2003-இல் தொடங்கிற்று. யாழ்ப்பாணத்தவரான கட்டடக்கலைஞர் இ. மயூரநாதன் வளைகுடா நாட்டிற் பணியாற்றிக்கொண்டே, ஓய்வுநேரத்தில் அதற்கு அடித்தளம் இட்டார். கட்டடம் கட்டுதல் அவருக்குத் தொழில், இது தொண்டு. கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015-ஆம் ஆண்டிற்கான இயல் விருதை அவருக்கு வழங்கிற்று. 2017-ஆம் ஆண்டில் தமிழ்க் கட்டுரைகள் ஓரிலக்கத்தைக் கடந்தன. விளம்பரம் ஒன்றும் அதில் இல்லை; மக்கள் தரும் நன்கொடையால் நடக்கிறது. 2010-ஆம் ஆண்டு சூன் மாதத்தில் நம் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்ததல்லவா? அதனையொட்டிக் கல்லூரி மாணவர்க்கு விக்கிப்பீடியாக் கட்டுரைப் போட்டி நடத்தப்பட்டது. மாநாட்டுப் பந்தலும் தோரணமும் சில நாளில் அகன்றன. அம்மாணவர் எழுதியவை அகலவில்லை.

அக்கலைக்களஞ்சியத்தில் தமிழர் விளையாட்டுகளைத் தேடியபோதுதான் எனக்கு ஓர் ஊக்கம் பிறந்தது. தமிழறிஞர் செங்கைப் பொதுவன் அவர்கள் எழுபது அகவையைக் கடந்தபின் அங்கே எழுதப் புகுந்து, சங்க இலக்கியம் குறித்தும் நாட்டுப்புற விளையாட்டுகள் குறித்தும் மிகுதியான கட்டுரைகளைச் சேர்த்திருந்தார். 'இந்த வயதில் இனி என்ன' என்று நாற்காலியிற் சாய்ந்திருந்த எனக்கு, என்னினும் மூத்த ஒருவர் செய்த வேலை கண்முன் நின்றது. அவருக்கும் முன்னர்த் தேவநேயப் பாவாணர் 1954-இல் 'தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்' என்னும் நூலை எழுதியிருக்கிறார். சொல்லாராய்ச்சியில் மலையென நின்ற அறிஞர், சிறுவர் ஆடும் ஆட்டங்களை ஒவ்வொன்றாக எழுதத் தம் பொழுதைச் செலவிட்டாரே என்று எண்ணிப் பாருங்கள்.

தமிழ்99 விசைப்பலகையிற் பழகுவதற்கு எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. உயிரும் மெய்யும் தனித்தனியே இருந்து, தட்டத்தட்ட உயிர்மெய்யாகக் கூடுவதைக் கண்டபோது, எழுத்ததிகாரத்தை விரலால் நடத்துவதுபோல் இருந்தது. பேரன் ஆசிரியன், நான் மாணவன். அவன் பிரம்பு எடுக்கவில்லை.

முதலில் ஆடுபுலியாட்டத்தை எடுத்துக்கொண்டேன். கோவில் மண்டபத்துத் தரையிலும், ஊர்ப்புறப் பாறையிலும், ஆடு மேய்ப்போர் அமரும் கல்லிலும் அதன் கோடுகளைக் காணலாம். முக்கோணத்தின் உச்சியினின்று கோடுகள் இறங்கும். குறுக்குக் கோடுகள் அவற்றை வெட்டும். அவ்வாறு உண்டாகும் 23 முனைகளே களம். புலி மூன்று, ஆடு பதினைந்து. புலிகள் முதலில் அமரும். ஆடுகள் ஒவ்வொன்றாக இறங்கும். பதினைந்தும் இறங்கி முடியும்வரை எந்த ஆடும் நகரலாகாது. புலி, அடுத்த முனையிலுள்ள ஆட்டைத் தாண்டி அப்பாலுள்ள வெற்றிடத்தில் குதித்தால் அவ்வாடு வெட்டுண்டது. புலிகள் அசைய இடமின்றி ஆடுகள் அடைத்துவிட்டால் ஆடு வென்றது. ஓர் ஆடு புலிக்கு இரை. பதினைந்து ஆடுகள் கூடினாலோ புலிக்குச் சிறை. இருதிறத்தார்க்கும் படையும் வேறு, நடையும் வேறு, வெற்றியும் வேறு. சதுரங்கத்தில் இருவர் படையும் ஒன்றுபோல் இருக்கும். நம் ஆடுமேய்ப்பர் ஆட்டத்தில் அவ்வாறில்லை. இதனை உயர்வு என்று நான் கருதுகிறேன். கருதாதவர் ஒருமுறை ஆட்டின் பக்கம் அமர்ந்து ஆடிப் பார்க்கலாம்.

எத்தனை ஆடுகளை வெட்டினால் புலி வென்றதாகும்? இங்கேதான் தொல்லை தொடங்கிற்று. எங்கள் ஊரில் ஐந்து என்பர். என் மைத்துனர் ஊரில் ஆறு என்று வாதிடுகின்றனர். கடைசி ஆடுவரையில் ஆடவேண்டும் என்று சொல்வாரும் உளர். ஒரு புலி ஒரே முறையில் இரண்டு ஆடுகளைத் தொடர்ந்து வெட்டலாமா என்பதிலும் ஊருக்கு ஒரு வழக்கு. இவற்றையெல்லாம் எழுதிச் சேர்த்தபோது, முன்பின் அறியாத தொகுப்பாளர் ஒருவர் 'சான்று எங்கே?' என்று மிகப் பணிவாகக் கேட்டிருந்தார். முன்பே வெளியான நம்பத்தக்க மூலத்தில் உள்ளதையே அங்கே சான்றாகக் கொள்வர். 'எங்கள் ஊர்ப் பெரியவர் சொன்னார்' என்பது அங்கே செல்லாது. அவர் கேட்டது முறையே. எவரும் எழுதக்கூடிய இடத்தில் சான்று என்னும் வேலி இல்லையேல் பயிரைக் காட்டிலும் களையே மிகும். 'அப்படியானால் அச்சேறாத வழக்கெல்லாம் போகவேண்டியதுதானா?' என்னும் வினாவும் என் நெஞ்சை விட்டு அகலவில்லை.

ஆகவே இரண்டு குறிப்பேடுகள் வைத்துக்கொண்டேன். நூலில் உள்ளவை முதல் ஏட்டில். அவை கலைக்களஞ்சியத்திற்குப் போகும். செவிவழிக் கேட்டவை இரண்டாம் ஏட்டில். சொன்னவர் ஊர், அகவை, கேட்ட நாள் ஆகியவற்றுடன் எழுதி, படியெடுத்துச் சுற்றுப்புறப் பள்ளிகளுக்குக் கொடுத்து வருகிறேன். 'எவரும் படியெடுக்கலாம்' என்று முதற்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அவ்வாக்கியம் பேரனின் மைன்கிராஃப்டு கற்பித்தது.

படமும் எடுக்கத் தொடங்கினேன். எங்கள் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் கோவில் மண்டபத்தில் ஆடுபுலிக் களங்கள் இரண்டும், பல்லாங்குழி போன்ற குழிகள் ஒரு வரிசையும் தரைக்கல்லில் வெட்டப்பட்டிருந்தன. அவற்றைப் படமெடுத்து, யாவரும் எடுத்தாளும் பொதுவகத்தில் சேர்த்தேன். அடுத்த ஆண்டு திருப்பணி நடந்தது. ஊரார் மனமுவந்து பொருள் திரட்டி மண்டபத் தரைக்குப் பளபளப்பான புதிய கல் பதித்தனர். இப்போது அம்மண்டபம் கண்ணாடிபோல் விளங்குகிறது. களங்கள் அதன்கீழே எங்கோ இருக்கின்றன. படம் மட்டும் மேலே இருக்கிறது.

"இதற்கு எவ்வளவு தருகிறார்கள்?" என்று என்னைக் கேட்பவர் பலர். ஒன்றும் இல்லை என்றால், 'வாத்தியாருக்குப் பொழுது போகவில்லை' என்று தமக்குள் முடிவுசெய்துகொள்வர். பின்னலாடைத் தொழிலும் விசைத்தறியும் நூற்பாலையும் நிறைந்த நாட்டில் பிறந்தவர்கள் நாங்கள். நேரத்திற்கு விலை போடுவது எங்களுக்கு இயல்பு. அதனைக் குறையென்று சொல்லமாட்டேன். அந்தக் கணக்கே இம்மண்ணை வளர்த்தது. ஆனால் மாலையில் தறியை நிறுத்திவிட்டு வந்து, திண்ணையில் தாயம் உருட்டியவர்களும் அக்கணக்கர்களே. அப்போது யாரும் யாருக்கும் கூலி தரவில்லை. ஆட்டம் கற்றுக்கொடுத்ததற்கு எவரும் எவரிடமும் கட்டணம் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இப்பணியில் இன்பமில்லாத பகுதியும் உண்டு. யாரோ ஒரு விளையாட்டுப் பிள்ளை வந்து, கட்டுரையின் நடுவில் தன் பெயரையும் தோழன் பெயரையும் எழுதிவிட்டுப் போவான். சிலவேளை பத்தி முழுவதையும் அழித்துவிடுவான். பழைய வடிவம் ஒவ்வொன்றும் வரலாற்றுப் பகுதியில் அப்படியே இருப்பதால் அதனை மீட்டுவிடலாம். ஆயினும் நாள்தோறும் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வாசல் தெளிப்பதுபோன்ற வேலை. செய்தால் தெரியாது, செய்யாவிட்டால் தெரியும். கட்டுரை எழுதுவாரைக் காட்டிலும் இவ்வாறு காவல் இருப்பாரையே நான் மிகுதியாக மதிக்கிறேன். அவர்களுட் பலருடைய இயற்பெயர்கூட எனக்குத் தெரியாது.

இப்போது பல்லாங்குழி எழுதிக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஊருக்குக் கிழக்கே இரண்டு கல் தொலைவில் ஒரு தோட்டத்துச் சாளையில் எண்பதைக் கடந்த மூதாட்டி ஒருவர் இருக்கிறார். அவரிடம் உள்ள பல்லாங்குழிப் பலகை அவருடைய தாயார் சீராகக் கொண்டுவந்தது. பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். குழிக்கு ஐந்தாக எழுபது புளியங்கொட்டைகள். ஒரு குழியை எடுத்து ஒவ்வொன்றாக இட்டுச்செல்ல வேண்டும். கையிலுள்ளது தீர்ந்தால் அடுத்த குழியை எடுத்து ஆடலாம். அடுத்த குழி வெறுமையாயிருந்தால், அதனைத் துடைத்து அதற்கு அப்பாலுள்ளதை எடுத்துக்கொள்ளலாம். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது 'பசு'. குழிக்கு உரியவர் அதனை எடுத்துக்கொள்வார். இவையெல்லாம் நூல்களிலும் உள்ளன. ஆனால் தோற்றுக்கொண்டே வந்தவரிடம் ஒரு குழியை நிரப்பும் அளவுக்குக்கூடக் காய் இல்லையென்றால் என்ன செய்வது? ஆட்டம் முடிந்ததென்று எழுந்துவிடுவதில்லை. குழிக்கு ஒன்றாக உள்ளதைப் பரப்பி வைத்துக்கொண்டு ஆடவேண்டும். அதற்குக் 'கஞ்சி காய்ச்சுதல்' என்று பெயர். அரிசி குறைந்த வீட்டிலும் அடுப்பு எரியத்தானே வேண்டும்! அந்த ஒற்றைக் காய்களைக்கொண்டே தோற்றவர் மீண்டெழுந்து வென்றதை அம்மூதாட்டி பலமுறை கண்டிருக்கிறாராம்.

நான் கேட்டேன்: "கஞ்சி காய்ச்சும்போது எதிரியின் கை ஓடி வந்து, உங்கள் குழியில் நான்கு சேர்ந்து பசு விழுந்தால், அதை அப்போதே எடுத்துக்கொள்ளலாமா? அல்லது கஞ்சி தீரும்வரை விட்டுவைக்க வேண்டுமா?"

அவர் பலகையை மடியில் வைத்து, ஏழு குழிகளையும் விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"அது ஒரு முறை இருந்துதுங்க. எடுக்கறதுக்கும் விடறதுக்கும் ஒரு கணக்கு உண்டுங்க. அதை எங்க ஆத்தாகிட்டத்தானுங்க கேக்கோணும்" என்று சொல்லிச் சிரித்தார்.

இரண்டாம் குறிப்பேட்டில் அந்த இடத்தில் மூன்று வரி விட்டு வைத்திருக்கிறேன். ஊத்துக்குளிப் பக்கம் அவருடைய தங்கை ஒருவர் இருக்கிறாராம். வருகிற வியாழக்கிழமை அங்கே போகவேண்டும்.